வேலைக்கு அனுப்புறவருக்கு சட்டம் இருக்கு, படிக்க அனுப்புறவருக்கு?



நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல்னு எந்த ஜங்ஷன்ல நின்னாலும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரம் ஒண்ணு கண்ணுல படும். அந்த போர்டு வச்சவரை யார் கண்காணிக்கிறாங்கன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

வளைகுடா நாடுகளை நம்பி வாழுற குடும்பங்கள் நம்ம மாவட்டத்துல ஏராளம். அங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்கணும். வங்கி உத்தரவாதம் கொடுக்கணும். 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனா அந்தச் சட்டம் வேலைக்குப் போறவங்களுக்கு மட்டும்தான். படிக்கப் போற பிள்ளை அதுக்குள்ள வரவே மாட்டான். வீட்டுப் பத்திரத்தை அடகு வச்சு பல லட்சம் கட்டுற குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதன் விளைவு என்ன? 2023-ல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தாங்க. பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள். ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலின்னு பல பேருக்குத் தெரிஞ்சதே வருஷக்கணக்கு கழிச்சு, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிச்சப்போதான். இத்தனைக்கும் பஞ்சாப்ல 2012-லேயே இதுக்குன்னு தனிச் சட்டம் வந்தாச்சு. சட்டம் இருந்த ஊர்லயே இந்தக் கதின்னா, நம்ம ஊர் நிலைமை?

இன்னொண்ணு முக்கியம். விசா விண்ணப்பத்துல ஏஜென்ட் பொய் எழுதினாலும் பதில் சொல்ல வேண்டியது மாணவன்தான். பொய்த் தகவல் கொடுத்தா கனடாவில் 5 வருஷத் தடை. அமெரிக்காவில் நிரந்தரத் தடையே வரலாம்.

அதனால வீட்ல படிக்கிற பிள்ளைகள் இருந்தா இப்பவே சொல்லுங்க:

1. பாஸ்போர்ட்டை முதல்ல எடுங்க. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய்தான். அதுல இனிஷியல் ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சுதான் எழுதணும். மார்க்‌ஷீட்ல 'எஸ்.', பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருந்தா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு காட்டும் ஆவணத்தைக் கையில வச்சுக்கோங்க.

2. அனுமதிக் கடிதம் உண்மையான்னு பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மெயில் போட்டுக் கேளுங்க.

3. விண்ணப்பத்தோட லாகின், பாஸ்வேர்ட் உங்க கையிலதான் இருக்கணும்.

4. வங்கிக் கணக்குல காட்ட வட்டிக்குப் பணம் ஏற்பாடு பண்றேன்னு சொன்னா எழுந்து வந்திருங்க. ஜெர்மனி மாதிரி நாடுகள் கேட்கும் வைப்புத்தொகை, பிள்ளை அங்க ஒரு வருஷம் சாப்பிட்டு வாழ வேண்டிய பணம்.

5. கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க.

பிள்ளைகள் கவனமா இருந்தா மட்டும் போதாது, அரசும் கவனிக்கணும். மாணவர்களை வெளிநாடு அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்யணும், கட்டணத்துக்கு உச்சவரம்பு வேணும், பதிவு பெற்றவர்கள் பட்டியல் கலெக்டர் அலுவலகத்துல தொங்கணும். கொத்தனார் வேலைக்குப் போற அண்ணனுக்கு இருக்கிற பாதுகாப்பு, படிக்கப் போற தங்கச்சிக்கும் வேணும். இதுதான் நம்ம கோரிக்கை.

பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைகள் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதை அனுப்புங்க தோழர்களே.

#மாணவர்_பாதுகாப்பு #கன்னியாகுமரி