விளம்பரம் தேடித் தராத மொழிக்கு அலைவரிசை இல்லையா?

நம் நாட்டில் தொலைக்காட்சி தோன்றியது 1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள். அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இக்கருவியின் முன் இந்நாட்டுத் தமிழன் இன்னும் விருந்தாளியாகவே அமர்ந்திருக்கிறான். அழைத்த நேரத்தில் வரவேண்டும்; பரிமாறியதை உண்ணவேண்டும்; இலை எடுக்கப்பட்டதும் எழுந்து போகவேண்டும். 1969இல் தொடங்கிய இரண்டாம் அலைவரிசை, பல மொழிகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, தமிழுக்கும் ஒரு மூலையைத் தந்தது. அம்மூலை இன்றும் மூலையாகவே இருக்கிறது.

குறை கூறுமுன் நிறையைக் கூறிவிடுதல் முறை. ஆர்.டி.எம். தமிழ்ச் செய்தியை நான் மதிக்கிறேன். லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பிழையின்றி ஒலிக்கும் குரலை மாணவர் வீட்டிலிருந்தே கேட்கக்கூடிய இடங்களுள் அதுவும் ஒன்று. உச்சரிப்புப் பயிற்சிக்கு அதனைக் கேட்டு வருமாறு மாணவரைப் பணிப்பதுண்டு. ஆயினும் அரைவயிற்றுக் கஞ்சியைக் காட்டிப் பசி தீர்ந்ததென்று சொல்லலாமா?

இத்தனை ஆண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்ட முதற்காரணம், இடமில்லை என்பது. பழைய ஒளிபரப்பு முறையில் இக்காரணத்தில் ஓரளவு உண்மை இருந்தது. ஓர் அலைவரிசைக்கு வான்வெளியில் ஒரு தனி அலைப்பாதை வேண்டும். அலைப்பாதைகளோ எண்ணிக்கையில் குறைவு. ஆனால், 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு நாடு முழுவதும் பழைய முறை நிறுத்தப்பட்டு, எண்மிய முறை நிலைபெற்றது. ஒன்று சென்ற பாதையில் இப்பொழுது பல அலைவரிசைகள் செல்ல இயலும். ஆகவே இடமில்லை என்னும் சொல் அந்நாளோடு இறந்துவிட்டது. பிறகு நடந்தது என்ன? 2020இல் செய்திக்கென ஒரு தனி அலைவரிசையை ஆர்.டி.எம். தொடங்கியது. 2021இல் விளையாட்டுக்கென ஒன்று வந்தது. அதே ஆண்டு பிப்ரவரித் திங்களில் என்.டி.வி.7 அலைவரிசை கல்வியமைச்சின் டிடிக் டிவியாக உருமாறியது. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் அது தேவையாயிற்று. தலைமையாசிரியன் என்ற முறையில் அதனை வரவேற்றவன் நான். மனம் இருந்தால் ஓர் அலைவரிசையையே பள்ளியாக மாற்ற இயலும் என்பதை அரசே மெய்ப்பித்துக் காட்டிவிட்டது. தமிழுக்கு மட்டும் அந்த மனம் எங்கே போயிற்று? எண்மியப் பெட்டியில் மின்னல் வானொலி கேட்கிறது. குரல் வருகிறது, முகம் வரவில்லை. நம் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறு வேண்டுமா?

இரண்டாவது காரணம், விளம்பரதாரர் முன்வருவதில்லை என்பது. தனியார் நிறுவனம் இதனைக் கூறினால் அது வாணிகம். 1984இல் டிவி3 தோன்றியபோதே அதன் வழி விளம்பரத்தின் வழி என்பது யாவரும் அறிந்தது. 2016 முதல் அத்தகைய அலைவரிசைகளில் மணிக்கணக்காகச் சட்டியும் துடைப்பமும் இடுப்புப் பட்டையும் விற்கப்பட்டதையும் கண்டோம். மலாயில் விற்றார்கள், சீனத்தில் விற்றார்கள். தமிழன் சட்டி வாங்கமாட்டான் என்று எண்ணினார்கள் போலும்! விளம்பர உலகில் தமிழனுக்கென ஒரு பருவம் உண்டு. அது தீபாவளிக்கு முந்திய சில வாரங்கள். அப்பொழுது விளக்கேற்றும் பாட்டியும் முறுக்குப் பிழியும் அம்மாவும் திரையில் தோன்றுவர். பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக மறைந்த யாஸ்மின் அகமட் இயக்கிய பண்டிகை விளம்பரங்களில் உயிர் இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால், பண்டிகை கழிந்தபின் அப்பாட்டி எங்கே போகிறாள்? அவள் பல் துலக்குவதில்லையா, துணி துவைப்பதில்லையா, பேரனுக்குப் பால்மாவு வாங்குவதில்லையா?

எனினும், இவ்வாதத்தை ஆர்.டி.எம். சார்பில் யாரேனும் எடுத்துரைத்தால் நாம் உறுதியாக எதிர்க்கவேண்டும். அது கடையன்று, பொது நிறுவனம். 1999 வரை தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் செலுத்தியது. செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த பட்டறைத் தொழிலாளியும் அதே 24 வெள்ளியைத்தான் கட்டினான்; தமிழுக்குக் கிடைக்கும் நேரம் குறைவென்று அவனுக்கு யாரும் கழிவு கொடுக்கவில்லை. கட்டணம் நீங்கியபின் வரிப்பணம் அதனைத் தாங்குகிறது. அந்த வரியிலும் நம் பங்கு இருக்கிறது.

“அஸ்ட்ரோ இருக்கிறதே!” என்று நம்மவரே வாய்திறப்பர். 1996 முதல் அது தமிழுக்கு ஆற்றிய பணி பெரிது. உள்ளூர்க் கலைஞர் பலருக்கு அது வாழ்வளித்தது. மாதக் கட்டணம் கேட்காத ஒரு பெட்டியையும் அது 2012இல் அறிமுகப்படுத்தியது. ஆயினும் தனியார் தருவது சலுகை. நாளை அது நினைத்தால் நின்றுவிடும். நாம் கேட்பதோ உரிமை. மேலும், மாதக் கட்டணம் கட்டி நம் வீடுகளில் ஓடுவதில் பெரும்பகுதி சென்னையில் தயாரான நெடுந்தொடர். அடுக்குமாடி வீட்டிலிருந்து என் பள்ளிக்கு வரும் மாணவன் ‘என் ஊர்’ என்று கட்டுரை எழுதினால், தான் கண்டிராத திண்ணையும் வாய்க்காலும் அதில் வருகின்றன. தண்டவாளமும் பாசார் மாலாமும் வருவதில்லை. அவன் பேசும் தமிழில் அவன் வாழும் தெரு தொலைக்காட்சியில் தோன்றுவது அரிது. ஆகவே அது எழுதத் தகுந்த ஊர் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. இக்கேட்டினை மதிப்பெண் தாளில் சிவப்பு மையால் திருத்த இயலாது.

அண்டை நாட்டைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் குடியுரிமையும் நிரந்தரவாசமும் பெற்ற இந்தியர் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர். அவர்களுக்கென வசந்தம் என்னும் அலைவரிசை 2008ஆம் ஆண்டு அக்டோபர் 19 முதல் தனித்து இயங்கி வருகிறது; அதற்குக் கட்டணமில்லை. இங்கே நாம் ஏறத்தாழ இருபது இலட்சம். அங்குத் தமிழ் ஆட்சிமொழி, இங்கு அவ்வாறன்று என்பர். உண்மை. ஆனால், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை நடத்த ஒப்புக்கொண்ட அரசு, அப்பள்ளிகளின் மொழியை மாலை ஐந்து மணிக்குப்பின் மறந்துவிடலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

நம் வணிகர்க்கும் ஒரு சொல். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் குறைவில்லை. சென்னை நடிகரை அழைத்து ஓரிரவில் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை உள்ளூர்ச் சிறுவர் நாடகத்திற்கு அளித்துத் தம் கடைப்பெயரைத் தமிழில் ஒலிக்கச் செய்தால், விளம்பரதாரர் இல்லை என்னும் பல்லவி தானே ஓயும்.

அலைவரிசை முழுவதும் ஒரே நாளில் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலில் நாள்தோறும் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை, இந்நாட்டில், இந்நாட்டுச் சிறுவரைக் கொண்டு எடுக்கப்பட்ட தமிழ் நிகழ்ச்சிகள் வரட்டும். கதை வேண்டுமா, உரையாடல் வேண்டுமா, புதிர் வேண்டுமா? ஊதியம் கேளாமல் எழுதித் தரும் ஆசிரியர் எண்மரை நான் செந்தூலிலிருந்தே அங்காசபுரிக்கு அழைத்து வருகிறேன்.