மூலைகளுக்கும் ஒளி வேண்டும்

பழைய இருட்டறை என்லார்ஜர் ஒன்று வீட்டிலோ பள்ளியிலோ தூசி படிந்து கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாகாது என்பது நமது கருத்து. கைப்பேசியில் நொடியில் படம் கிடைக்கும் இந்நாளில் அது எதற்கு என்று கேட்பார் உண்டு. குவிவில்லையைப் பற்றிப் பாடநூலில் படிப்பது ஒன்று; அதைக் கையில் எடுத்துத் துடைத்து, ஒளி எங்கே விழுகிறது என்று பார்ப்பது வேறொன்று அன்றோ? ஆனால் சுவரை வைத்துத்தான் சித்திரம். ஒளி தாள் முழுவதும் சமமாக விழாவிடில், எவ்வளவு நல்ல நெகடிவும் வீணே.

புகைப்படத் தாளில் ஒளி குறைந்த இடம் வெளிறித் தோன்றும். நடுவில் மிகுதியும் ஓரத்தில் குறைவுமாக ஒளி விழுந்தால், வகுப்புப் படத்தில் நடுவில் அமர்ந்த ஆசிரியையர் தெளிவாக இருக்க, இரு கோடியிலும் நிற்கும் மாணவியர் சுண்ணாம்பு பூசியவர் போல் ஆகிவிடுவர். அவர்கள் செய்த குற்றம் என்ன?

சிலர் அட்டையால் நடுவை மறைத்து, ஓரங்களுக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துச் சமாளிப்பர். வேறு சிலர், காமிரா லென்ஸும் ஓரத்தில் ஒளியைக் குறைப்பதால் அச்சில் ஓரம் கறுக்கும்; இரண்டும் ஈடாகிவிடும் என்பர். ஒரு குறையை மற்றொரு குறை எப்போதும் அதே அளவில் ஈடு செய்யுமா? காமிரா மாறினால் கணக்கும் மாறும். குறை உள்ள இடத்திலேயே திருத்துவதுதான் முறை.

முதலில் சோதனை. நெகடிவை எடுத்துவிட்டு, லென்ஸின் துவாரத்தை முழுத் திறப்பிலிருந்து இரண்டு படி சுருக்கி, தாள் நடுத்தரச் சாம்பல் நிறம் பெறுமளவு ஒளி கொடுத்து டெவலப் செய்ய வேண்டும். கண் ஏமாறும்; தாள் ஏமாறாது. ஒரு பக்கம் மட்டும் வெளிறினால், பல்பு நடுவில் இல்லை, அல்லது தலைப்பகுதி சாய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். நான்கு மூலைகளும் ஒன்றுபோல் வெளிறினால், பல்பின் உயரத்தையும், கண்டென்சர் வில்லைகளையும், லென்ஸையும் பார்க்க வேண்டும். 35 மி.மீ. நெகடிவுக்கு 50 மி.மீ. லென்ஸும், 6×6 செ.மீ. நெகடிவுக்கு 75 அல்லது 80 மி.மீ. லென்ஸும் வழக்கம். இரு வில்லைகள் உள்ள கண்டென்சரில் அவற்றின் புடைத்த முகங்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்கும். துடைத்தபின் மாற்றிப் பொருத்திவிடக் கூடாது. இழை தெரியும் பல்பு ஆகாது. முகப்பில் எழுத்து அச்சிடாத பால்நிறப் பல்பே ஏற்றது. எதைத் தொடுமுன்னும் மின்சாரத்தைத் துண்டித்து, பல்பு ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் குறை நீங்காவிடில், பல்புக்கும் கண்டென்சருக்கும் இடையே பால்நிறக் கண்ணாடி ஒன்றை வைக்கலாம். ஒளி பரவும், நெகடிவில் உள்ள கீறலும் தூசியும் சற்று மறையும். ஆனால் வெளிச்சம் குறைந்து நேரம் கூடும். படத்தின் அழுத்தமும் சிறிது தணியும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்றே எண்ணுகிறோம்.

ஆகவே, தோழியரே! தாத்தாவின் பரணிலோ அறிவியல் கூடத்து அலமாரியிலோ இப்படியொரு கருவி இருந்தால், பெரியோரைக் கேட்டு இறக்கிப் பாருங்கள். பெற்றோரும் ஆசிரியையரும் ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்கித் தந்தால், அடுத்த வகுப்புப் படத்தில் ஓரத்தில் நிற்பவளின் முகமும் தெளிவாகத் தெரியும்.