பந்தாட்டக்காரனும் உழைப்பாளியே!

கோவில்பதாகையில் மாலை நேரத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் போகிறவரின் மகன், அம்பத்தூர் பட்டறைத் தொழிலாளியின் மகன், சித்தாள் வேலை செய்யும் தாயின் மகன். பெரிய ஆட்டக்காரனாகிவிட்டால் குடும்பக் கஷ்டம் தீரும் என்பது அவர்கள் கனவு. அந்தக் கனவைக் குலைக்க நாம் வரவில்லை. ஆனால் அவர்களைப் பெற்றவர்களுக்கு ஓர் ஆட்டக்காரரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

அராட்டா இசுமி 1982-ல் ஜப்பானில் பிறந்தவர். தாய் ஜப்பானியர், தந்தை இந்தியர். சிங்கப்பூரில் ஆடிவிட்டு, 2006-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு வந்தார். பிறகு பம்பாயில் மகிந்திரா யுனைடெட். அதன் பிறகு புனே. ஊர் ஊராகப் போய்க் கதிர் அறுக்கும் கூலியாளைப் போல, வேலை கிடைத்த இடமே அவருக்கு ஊராயிற்று.

இந்திய அணியில் ஆட அவர் ஆசைப்பட்டார். தந்தை இந்தியர் என்றால் போதாது, இந்தியப் பிரஜையாக வேண்டும் என்றது சர்க்கார். இரட்டைப் பிரஜா உரிமையை நமது சட்டம் ஏற்பதில்லை. ஆகவே பிறந்த நாட்டின் பிரஜா உரிமையையே கைவிட்டார். 2013-ல், 30-வது வயதில், இந்தியச் சட்டை அணிந்து களம் இறங்கினார்.

இவ்வளவு கொடுத்தவருக்கு வேலை நிலைத்ததா? அவர் ஆடிய மகிந்திரா யுனைடெட்டை அதன் கம்பெனி 2010-ல் மூடிவிட்டது. புனே எஃப்.சி.யும் 2015-க்குப் பின் லீக்கில் இல்லை. பஞ்சாபில், பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி 1996-97-ல் முதல் தேசிய லீக்கையே வென்ற அணி. அதுவும் 2011-ல் மூடப்பட்டது. கோவையில் ஆடிய சென்னை சிட்டி கிளப் 2018-19-ல் ஐ-லீக் பட்டம் வென்றது. மறு பருவத்தில் கட்சுமி யூசா என்ற ஜப்பானியரும் அதில் ஆடினார். இன்று லீக்கில் அந்தக் கிளப்பைக் காணோம். கோப்பை வாங்கினாலும் கதவு மூடப்படுகிறது. கதவடைப்பு என்றால் என்னவென்று மில் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

"லட்ச லட்சமாக வாங்குகிறவன் எப்படித் தொழிலாளி?" என்று சிலர் கேட்கலாம். லட்சங்கள் வாங்குவோர் சிலர். மற்றவர்களுக்கு இருப்பது ஒரு பருவத்து ஒப்பந்தமும் இரண்டு முழங்கால்களும்தான். முழங்கால் போனால் பிழைப்பும் போயிற்று. முப்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலோருக்கு ஆட்டமே முடிந்துவிடுகிறது. உடலை மூலதனமாக வைத்துப் பிழைப்பவனை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

ஆட்டக்காரர்களும் இதை உணராமல் இல்லை. 1965-ல் உலக ஆட்டக்காரர்களின் சம்மேளனம் பிறந்தது. நமது நாட்டில் 2006-ல் பாய்சங் பூட்டியா முன்னின்று ஆட்டக்காரர் சங்கம் கண்டார். எழுத்து மூலமான ஒப்பந்தம், குறித்த நாளில் சம்பளம், காயம்பட்டால் சிகிச்சையும் நஷ்ட ஈடும், கிளப் மூடப்பட்டால் பாக்கித் தொகை ஆகியவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

ஆகவே, தோழர்களே! பிள்ளைகள் ஆடட்டும், நன்றாக ஆடட்டும். பந்தை எப்படி உதைப்பது என்பதை அவர்கள் தாங்களே கற்றுக்கொள்வார்கள். கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படிக்கவும், தனியாக நின்று பேரம் பேசாமல் சங்கமாக நின்று பேசவும் நாம்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.