வாசிப்புத் தேர்வு யாருக்கு? பிள்ளைக்கா, பள்ளிக்கா?

கம்பம் பள்ளத்தாக்கில் மாலை நேரத்தில் காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பெற்றோரில் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடும். வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு எழுத்து கிடைக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்தான்.

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்ற இலக்கோடு, 2022இல் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது திட்டம். அவரவர் நிலைக்கேற்பக் கற்பிப்பது நியாயமே. ஆனால் ஒரே தெருப் பிள்ளைகள் வருடக்கணக்கில் அரும்பிலேயே கிடந்தால், அந்தப் பூப்பெயருக்குள் சாதிதான் உட்கார்ந்திருக்கிறது.

தேர்வே வேண்டாம் என்கிறார்கள் தோழர்கள் சிலர். அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, மீதி நாள் குலத்தொழில் என்றார். 2019இல் அறிவித்த 5, 8ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பிள்ளையை வெளியே தள்ளும் தேர்வை இனியும் எதிர்ப்போம். ஆனால் எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி கொடுத்துவிட்டு, ஒரு பத்தி படிக்கத் தெரியாமல் அனுப்புவதும் வெளியே தள்ளுவதுதான். சத்தமில்லாமல் நடக்கிறது, அவ்வளவே.

ஆகவே அளக்கட்டும். அளவு பள்ளியின் மீது விழட்டும். "பரீட்ச அன்னைக்குப் பிள்ளைய அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாக தம்பி" என்றார் ஒரு தாய். படிக்கத் தெரியாத பிள்ளையை மறைத்தால் பள்ளியின் சராசரி உயரும். பிள்ளை அப்படியேதான் இருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் மாதிரி வினாத்தாளை மனப்பாடம் செய்ய வைப்பதும் இதே கணக்குதான். தினமும் அரை மணி நேரம் கதைப் புத்தகம், வாய்விட்டு வாசிப்பு, ஏலக்காய் எடுப்பதைப் பற்றிச் சொந்தப் பேச்சில் நாலு வரி எழுதுவது: தயாரிப்பு என்றால் இதுதான்.

உழைக்கும் மக்களின் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது, தொடக்கக் கல்வி கைவிடப்படுகிறது என்று 1882இல் ஹண்டர் குழுவிடம் முறையிட்டார் ஜோதிராவ் புலே. அந்தக் கேள்வியை இன்று எழுப்ப நம்மிடம் ஒரு மேடை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் தர வேண்டும். தோட்டக்கூலி போகும் நேரத்தில் கூட்டம் போட்டால் அந்த இடம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் எழுதவில்லை, அரும்பிலிருந்து எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று கேளுங்கள்.

படித்து வெளியூர் போன தம்பி தங்கைகளே, ஊருக்கு வரும்போது அந்தக் கூட்டத்தில் உங்கள் அம்மாக்கள் பக்கத்தில் உட்காருங்கள். பதில் சொல்ல வேண்டியது பிள்ளை அல்ல.