மூச்சை இழுத்து விட்டால் தராசில் கொழுந்து கூடுமா?



சில மாதங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒரு கூட்டம் நடந்தது. உளவளத்துணையாளர் ஒருவர் வந்திருந்தார். அன்பாகத்தான் பேசினார். மனம் பாரமானால் கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்றார். பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "மூச்ச இழுத்து விட்டா தராசுல கொழுந்து கூடுமா, புள்ள?" எல்லோரும் சிரித்தோம். துணையாளரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வியைத் தன் புத்தகத்தில் எழுதவில்லை. என் கோபம் அதில்தான்.

அந்த அக்காவுக்கு ஏன் தூக்கம் இல்லை? கிலோ குறைந்தால் அரைப் பேர். தோடு அடகில். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேர். மலையில் நாள் முழுக்க நின்றாலும் ஒதுங்க ஒரு மலசலகூடம் இல்லை. இதில் எது அவருடைய மனதின் கோளாறு?

ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, கோவையை மூடிவிட்டால், பத்துப் பேரின் துயரம் பத்து நோயாகிவிடும். பத்துக் கோவையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிவது ஒரே தராசு, ஒரே கடன், ஒரே சாராயக்கடை.

இது நடக்காத காரியமல்ல. 1995இல் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. எந்த நஞ்சு அதிகம் கொல்கிறது என்று வைத்தியசாலைகளில் எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கணக்கை வைத்து மிகக் கொடிய பூச்சிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 2008க்குப் பிறகு, மருந்தடிக்கும் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த பரகுவாட்டும் போனது. இருபது வருடத்தில் தற்கொலை ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. ஆறுதல் வார்த்தை மட்டும் இதைச் செய்யவில்லை. எண்ணிக்கை சட்டத்தை மாற்றியது, சட்டம் உயிரைக் காத்தது.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். "உளவளத்துணை எதற்கு, சம்பளம் கூடினால் போதும்" என்று சங்கத்திலேயே சிலர் பேசுகிறார்கள். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அன்றோடு வீட்டில் அடி நின்றதா? குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றம் போகும் பெண்ணோடு எத்தனை தலைவர்மார் கூடப் போயிருக்கிறோம்? "புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களும் நாம்தான். அடுத்த நாள் அந்த வீட்டுப் பிள்ளை என் வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறது.

ஆகவே துணையாளர்கள் வரட்டும். ஆனால் இப்படி வரட்டும்:

1. தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து பேச வேண்டாம். சொல்வது துரையின் காதுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும்.

2. தமிழில், பேர் வெட்டுப்படாத நேரத்தில் பேச வேண்டும்.

3. பெயரை மறைத்துக் காரணத்தை எண்ண வேண்டும். கடனால் எத்தனை பேர், அடியால் எத்தனை பேர், தராசால் எத்தனை பேர். அந்தக் கணக்கு பிரதேச செயலகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் சங்கத்துக்கும் வர வேண்டும். சம்பள நிர்ணய சபைக்குக் கம்பனிக்காரர் கணக்கோடு வருகிறார்கள். நாம் கண்ணீரோடு போகிறோம். அது மாற வேண்டும்.

"அது எங்கள் வேலையில்லை" என்று துணையாளர்கள் சொல்லலாம். காரணம் தெரிந்தும் காயத்துக்கு மட்டும் மருந்து போடுவது யாருடைய வேலை?

சங்கமும் தன் பங்கைச் செய்யட்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் அடிபட்ட பெண்ணோடு கூடப் போக ஒரு தலைவியைத் தெரிவு செய்வோம். அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் விடயமாக இதை வையுங்கள்.

மனம் தாங்காத நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பக்கத்துக் காம்பராக் கதவையும் தட்டுங்கள்.