நடுநிலைக்கு என்ன நிறம்?

1975ஆம் ஆண்டு நியூயார்க்கின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்னும் பெரிய சட்ட நிறுவனம் பெண் வழக்கறிஞர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்பது குற்றச்சாட்டு. நீதிபதி விலக வேண்டும் என்று நிறுவனத் தரப்பு கேட்டது. அவர் பெண், கறுப்பினத்தவர், பாகுபாட்டுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். அதனால் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார் என்றார்கள்.

நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி விலக மறுத்தார். நீதிபதியின் பின்னணியும் பாலினமும் இனமும் விலகுவதற்குக் காரணம் என்றால், இந்த நீதிமன்றத்தின் எந்த நீதிபதியும் இவ்வழக்கை விசாரிக்க முடியாது என்பதே அவருடைய பதில். ஆணுக்கும் பாலினம் உண்டு, வெள்ளையருக்கும் இனம் உண்டு என்பதை நிறுவனம் மறந்துவிட்டிருந்தது.

மோட்லி 1921இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் பிறந்தார். பெற்றோர் கரீபியத் தீவான நீவிஸிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்தவர். பள்ளி முடித்ததும் மேலே படிக்க வீட்டில் பணமில்லை. ஊரின் சமூகக் கூடத்தில் அவர் பேசியதைக் கேட்ட ஒரு செல்வந்தர் படிப்புச் செலவை ஏற்றார். ஒரு மேடைப்பேச்சு வாய்த்ததால் ஒருவர் தப்பினார். வாய்க்காதவர்களின் கணக்கு எந்த வரலாற்றிலும் இல்லை.

1946இல் கொலம்பியாவில் சட்டம் முடித்தார். தர்குட் மார்ஷல் தலைமையிலான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் பணியாற்றினார். பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954 பிரவுன் வழக்கில் அவருடைய உழைப்பும் உண்டு. 1962இல் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அவர் நடத்திய வழக்கால்தான். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய 10 வழக்குகளில் 9இல் வென்றார்.

1966 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவரை நீதிபதியாக நியமிக்க முன்மொழிந்தார். செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவர் யார்? பிரிவினையைக் கட்டிக்காத்த மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். ஒப்புதல் ஆகஸ்ட் வரை இழுத்தடிக்கப்பட்டது. அதன்பிறகே அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியானார். நிறவெறியர் குழுத் தலைவராக அமர்ந்து நியமனங்களை முடிவுசெய்யலாம், அவருடைய நடுநிலை கேள்விக்குரியதல்ல. நிறவெறியை எதிர்த்தவர் நீதிபதியானால் மட்டும் கேள்வி எழுகிறது.

விசாரணை நீதிபதிக்கு முன்னால் இருப்பவை சாட்சியங்கள், ஆவணங்கள், முன்தீர்ப்புகள். யாங்கி மைதானத்தில் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் ஆண் நிருபர்களை விட்டுவிட்டுப் பெண் நிருபரைத் தடுத்தது செல்லாது என்று 1978இல் தீர்ப்பளித்தார். பாகுபாட்டு வழக்குகளில் வழக்குத் தொடுத்தவர்களுக்கு எதிராகவும் தீர்ப்பளித்திருக்கிறார். ஒடுக்கப்பட்டவர் நாற்காலியில் அமர்ந்தால் நம் பக்கம் தீர்ப்பு வரும் என்பதற்காக நாம் பிரதிநிதித்துவம் கேட்பதில்லை. அந்த நாற்காலி ஒரு சாராரின் பரம்பரைச் சொத்தல்ல என்பதற்காகக் கேட்கிறோம்.

1982இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 2005இல் மறைந்தார். 1975இல் அவரிடம் கேட்ட கேள்வி இன்னும் மறையவில்லை. அடுத்தமுறை யாராவது ‘நடுநிலை’ பற்றிப் பேசினால், அதற்கான சான்றிதழை யாரிடம் கேட்கிறார்கள், யாரிடம் கேட்பதே இல்லை என்று பாருங்கள்.