கங்காணிக் கணினிகள்

ஆங்கிலத்தில் ‘சர்வெய்லன்ஸ்’ என்று வழங்கும் சொல்லைச் சுகாதாரத் துறையினர் தமிழில் ‘கண்காணிப்பு’ என்று எழுதுகின்றனர். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால் அதே வேரில் பிறந்த ‘கங்காணி’ என்ற சொல் மலையகத் தோட்டங்களில் என்ன பொருள் தந்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. குனிந்து கொழுந்து பறிப்பவரை நிமிர்ந்து நின்று பார்த்திருப்பவர் கங்காணி. நோய்க் கண்காணிப்புக்கென்று பெருந்தொகை செலவிட்டு அமைக்கப்படும் மென்பொருள்கள் பலவும் நோயைப் பார்ப்பதைவிட, நோயைப் பதிகின்ற ஊழியரைப் பார்ப்பதிலேயே அதிக அக்கறை காட்டுகின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

கணினி வேண்டாம் என்று கூறவரவில்லை. நமது கடதாசி முறையின் வயதைப் பாருங்கள். தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது 1926இல். அன்று வகுக்கப்பட்ட ஒழுங்கு அடிப்படையில் மிகவும் புத்திசாலித்தனமானது. அறிவிக்க வேண்டிய நோய் என்ற சந்தேகம் எழுந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் ஒரு படிவத்தை நிரப்பி நோயாளியின் வதிவிடத்துக்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போய், கிணற்றடியையும் கூரைப் பீலியையும் பூச்சாடித் தட்டையும் பார்த்து, அயல்வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலா என்று விசாரிக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் பலவீனம் காலம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏழு தொடக்கம் பத்து நாட்கள் போதும். படிவம் ஒரு வாரம் தபாலில் கிடந்தால் பரிசோதகர் போய்ச் சேரும்போது அடுத்த தலைமுறை நுளம்பு பறக்கத் தொடங்கியிருக்கும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கும் அதிகமான டெங்குச் சந்தேக நோயாளர்கள் பதிவாகினர். அவ்வாண்டு வைத்தியசாலைகளில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களைப் பார்த்த எவரும் படிவம் மின்வேகத்தில் போக வேண்டும் என்பதை மறுக்கமாட்டார்கள்.

போகட்டும். ஆனால் எதற்காக, யாரிடம் போகின்றது?

தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் வெளியிடும் அறிக்கையைத் தொழில் நிமித்தம் நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். பயனுள்ள வெளியீடு; பல நாடுகளில் இவ்வளவு ஒழுங்காக இப்படியொன்று வருவதில்லை. அதன் அட்டவணையில் நோய்களின் நிரல்களுக்குப் பின்னால் வேறு இரண்டு நிரல்கள் உண்டு. ஒன்று, அறிக்கைகள் உரிய நேரத்தில் வந்துசேர்ந்த வீதத்தைக் காட்டும். மற்றையது அவற்றின் முழுமையைக் காட்டும். கீழே இருப்பவர் எவ்வளவு விரைவாக அனுப்பினார் என்பதற்கு நிரல் இருக்கின்றது. மேலே இருப்பவர் எத்தனை நாட்களில் மறுமொழி தந்தார், புகையடிக்கும் இயந்திரம் எத்தனையாம் நாள் வந்தது, மாதிரியின் ஆய்வு முடிவு எப்போது திரும்பியது என்பவற்றுக்கு நிரல் எங்கே? கடதாசியில் இருந்த இந்தக் கோணலைத்தான் மென்பொருளாளர் அப்படியே திரைக்கு இடம்மாற்றி, அதற்கு வண்ண வரைபடங்களும் பூட்டி, ‘நவீனமயமாக்கல்’ என்று பெயரிடுகின்றனர்.

எனக்குப் பழக்கமான பரிசோதகர் ஒருவர் ஒரே காய்ச்சலைக் குறிப்பேட்டிலும் பதிவேட்டிலும் பின்னர் கணினியிலுமாக மூன்று முறை எழுதுகிறார். கணினி வந்தபின் எந்தப் பதிவேடும் நீக்கப்படவில்லை என்பதுதான் அவர் மனக்குறை. தமது பிரிவில் எந்த ஒழுங்கையில் நோயாளர் கூடுகின்றனர் என்பதை அறிய அவர் இன்றும் தமது குறிப்பேட்டையே புரட்டுகிறார். அவர் இட்ட தரவு கொழும்புக்குப் போய்விட்டது. அவருக்கு வேண்டிய விடையோடு அது திரும்பவில்லை. தமக்குப் பயன்படாத கணக்கை மனிதர் எவரும் கவனமாக எழுதமாட்டார். நிரப்புவார், அவ்வளவுதான். பின்னர் கருத்தரங்கில் ‘தரவின் தரம் போதாது’ என்று அவரையே குறைகூறுவார்கள்.

இதைப் பற்றிச் சிந்திக்காதவர்கள் நாமல்லர். 2008 முதல் 2010 வரை குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் நடைபெற்றது. இங்கே சர்வோதயத்தின் ஊழியர்களும் அங்கே கிராமச் சுகாதாரத் தாதியரும் நோயாளர் விபரங்களைச் சாதாரணக் கைத்தொலைபேசிகளில் பதிந்தனர். வழமைக்கு மாறான அதிகரிப்பைக் கணினி தேடியது. எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாகச் சுகாதார ஊழியருக்கே திருப்பி அனுப்புவதும் அத்திட்டத்தின் ஓர் அங்கமாக இருந்தது. திரும்பி வரும் அந்தக் குறுஞ்செய்திதான் என் பார்வையில் முழுத் திட்டத்தின் உயிர். பரீட்சார்த்தக் காலம் முடிந்தது. நாடளாவிய நடைமுறையாக அது வளரவில்லை. நிதியுதவி நிற்கும் நாளில் மூச்சும் நிற்கும் திட்டங்களுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை.

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. 2020 ஜனவரியில், கொவிட் இங்கு பரவத் தொடங்குமுன்னரே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து பின்தொடரும் முறையொன்றை இலங்கையர் குறுகிய நாட்களில் உருவாக்கினர். ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்த, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய டி.எச்.ஐ.எஸ்.2 என்ற மென்பொருளின் மீது கட்டப்பட்டது அது. பின்னர் பல நாடுகள் அதனைப் பின்பற்றின. இது எவ்வாறு சாத்தியமாயிற்று? அதை அமைத்தவர்களுள் சுகாதாரத் தகவலியலும் பயின்ற வைத்தியர்கள் இருந்தனர். மாறாக, பணத்துக்குக் குறைவில்லாத இங்கிலாந்தில், அதே 2020இன் செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான நாட்களில் 15,841 தொற்றாளர்களின் விபரங்கள் அறிக்கையிலிருந்து விடுபட்டுப் போயின. ‘எக்செல்’ கோப்பின் பழைய வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அத்தனை பேருடைய தொடர்பாளர்களும் தாமதமாகவே தேடப்பட்டனர்.

இனி, நம் மென்பொருளாளர் பேச விரும்பாத விடயத்துக்கு வருகிறேன். வடக்கிலும் கிழக்கிலும் பெயரையும் முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஓர் அரச உத்தியோகத்தரிடம் கொடுப்பது வெறும் தரவுப் பதிவு அன்று. பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கிய ஆண்டுகளை நாங்கள் வாழ்ந்திருக்கிறோம். 2020இல் கொவிட் தடுப்புக்கான தேசிய நிலையத்துக்கு இராணுவத் தளபதியே தலைமை தாங்கினார். தொடர்பாளர்களைத் தேடுவதில் புலனாய்வுத் துறையும் ஈடுபட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், கொவிட்டால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. அந்த மாதங்களில் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு மூத்தவரின் காய்ச்சலை அறிவிப்பது என்பது அவருடைய ஜனாஸாவை நெருப்புக்குக் கொடுக்கச் சம்மதிப்பதாகவும் இருந்தது. நோயை மறைக்கும் தூண்டுதலை அரசே உண்டாக்கிவிட்டு, நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் பெருமைப்படுவதில் என்ன பொருள்? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான 9ஆம் இலக்கச் சட்டம் 2022இல்தான் நிறைவேறியது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் முதலில் இன்னதென்று அறியப்படாத காய்ச்சலொன்று சில நாட்களுக்குள் பல உயிர்களைப் பறித்தது. பின்னரே எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. பெயர் தெரிந்த நோய்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும் மென்பொருளில், பெயர் தெரியாத காய்ச்சலை எங்கே பதிவது? வெள்ளம் வடிந்த வயலில் இறங்கியவர், மூச்சுத் திணறல், மூன்று நாள் காய்ச்சல் என்று தமிழில் நான்கு வரி எழுத ஒரு வெற்றிடம் தேவை. அந்த நான்கு வரியை அன்றே வாசிக்கும் ஒருவர் மாவட்டத்திலேயே தேவை.

ஆகவே சுகாதார அமைச்சு அடுத்த முறை மென்பொருளுக்கு விலைமனுக் கோரும்போது, சேவையகத்தின் கொள்ளளவைக் கேட்கும் பக்கத்துக்கு முன்னால் வேறு சில கேள்விகளை வைக்கட்டும். இது வந்தபின் எந்தப் பதிவேடு நிறுத்தப்படும்? படிவத்தை அனுப்பிய பரிசோதகருக்கு என்ன தகவல், எத்தனை மணித்தியாலங்களில், எந்த மொழியில் திரும்பி வரும்? நோயாளியின் பெயரைச் சுகாதாரத் துறைக்கு வெளியே எவர் பார்க்க முடியும், பார்த்தால் அது எங்கே பதிவாகும்? இவற்றுக்குரிய இடத்தை வெற்றாக விட்ட நிறுவனம் எவ்வளவு குறைந்த விலை கேட்டிருந்தாலும் நிராகரிக்கப்பட வேண்டும்.